துடைத்தெடுத்த பொன்

என் மகன் சின்னப்பனுக்குத் தொண்டை அடைத்து மூச்சுத் திணறியபோது, எங்கள் வீட்டில் பொன் உரைத்துக்கொண்டிருந்தார்கள். சகோதரிகளே, சாட்சியை அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மெதுவாகப் பேசு, யார் மனமும் நோகாமல் பேசு என்று சொல்லித்தான் என்னை இந்தச் செபக்கூட்டத்தில் எழுப்பிவிட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை பார்க்கிறேன்.

நயா பைசா வந்த புதிது. எங்கள் ஊர் கன்னிவாடிப் பக்கம். சின்னக் கோயில். சுவாமியார் திண்டுக்கல்லிலிருந்து மாதம் ஒருமுறை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் கோயிலுக்குப் பெரிய மனிதர் என் மூத்தார்தான், அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன். ஊரில் எல்லாரிடமும் பொன் திரட்டி மாதாவுக்குக் கிரீடம் செய்து வைத்தவர் அவர். கிரீடம் செய்ததில் குன்றிமணி அளவு பொன் மிஞ்சியது. அதை மூக்குப்பொடி டப்பாவில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

மூன்று ராஜாக்கள் பாலகனுக்குக் கொண்டுவந்த பொன்னைப் பற்றி சுவாமியார் ஒரு பிரசங்கம் வைத்தார். பொன் தேவ வரப்பிரசாதத்துக்கு அடையாளம், துருப்பிடிக்காது, நெருப்பில் போட்டாலும் அழியாது என்றார். நல்ல பிரசங்கம். கேட்டவருடைய மண்டைதான் கோளாறு. அடையாளம் என்ற சொல்லை என் மூத்தார் வழியிலேயே போட்டுவிட்டு, பொன்தான் வரப்பிரசாதம் என்று வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டார். அதற்குப் பிறகு ஊரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டப்பா திறக்கும். பொன்னைத் தேன் விட்டுக் கல்லில் உரைத்து நாக்கில் தடவுவார். தானாகக் குணமாகிற காய்ச்சல் எல்லாம் அவர் கணக்கில் சேர்ந்தது. குணமாகாதவர்களுக்கு விசுவாசம் போதவில்லை. எவ்வளவு வசதியான வைத்தியம் பாருங்கள்.

திருநாளுக்குக் கொடி ஏறிய வாரம். சின்னப்பனுக்கு மூன்று வயது. முதல் நாள் காய்ச்சல், மறுநாள் கழுத்து வீக்கம். வாயைத் திறந்து பார்த்தேன். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஆடை படர்ந்திருந்தது. மத்தியானத்துக்குள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் கழுத்துக்குழி உள்ளே போனது. அந்தச் சத்தத்தைப் பெற்றவளால் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது.

திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். காலை பஸ் போய்விட்டது. ஊரில் வில்வண்டி ஒன்றுதான், மூத்தாருடையது. அவர் வந்து இறங்கி, எங்கள் வாசலில் மாடு பூட்டியபடிதான் நின்றது. திருநாளுக்குக் கிரீடம் சுமக்கப்போகிற மாடுகளாம், கொம்புக்கெல்லாம் பொன் காகிதம் ஒட்டியிருந்தார்கள்.

"வண்டியத் தாங்க அண்ணே, பிள்ள தவிக்கிறான்" என்றார் என் வீட்டுக்காரர். அண்ணன் எதிரில் அவர் குரல் எப்போதுமே வயிற்றுக்குள்தான் இருக்கும்.

"ஏலே தம்பி, அது மாதாவுக்கு நேந்த வண்டி. மாதா பொன்னு வீட்லயே இருக்கையில ஆஸ்பத்திரிக்கு எதுக்குடா ஓடுற? ஒம் பொண்டாட்டிய செத்த நேரம் சும்மா இருக்கச் சொல்லு" என்றார் மூத்தார். கல்லை எடுத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்து உரைத்தார், மாப்பிள்ளைக்குச் சந்தனம் அரைக்கிற மாதிரி அவ்வளவு நிதானமாக. கூட வந்திருந்த ஊர்ப் பெண்கள் செபமாலை சொன்னார்கள். வாயில் செபம், கண் முழுக்கப் பொன்.

தேன் தொண்டையில் பட்டதும் பிள்ளைக்குப் புரையேறியது. கண் மேலே செருகிவிட்டது. நான் மூத்தார் கையைத் தட்டிவிட்டுப் பிள்ளையைப் பிடுங்கினேன். கல்லும் தேனும் பொன்னும் தரையில் கொட்டின.

"மிதிச்சிராதீங்க, மிதிச்சிராதீங்க, மாதா பொன்னு" என்று மூத்தார் கத்தினார்.

சகோதரிகளே, என் பிள்ளை முகம் நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்கள் தரையில் மண்டிபோட்டு முந்தானையால் துடைத்தார்கள். ஒருத்தி விரலால் வழித்து நக்கினாள். பிள்ளையை நிமிர்ந்து பார்க்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. நானும் எத்தனையோ அற்பத்தனம் பார்த்திருக்கிறேன், இவ்வளவு பக்தியோடு நடந்த அற்பத்தனத்தைப் பார்த்ததில்லை.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினேன். ரோட்டில் ஒரு காக்கை குருவி இல்லை. திண்டுக்கல் எத்தனை மைல் என்று எனக்குத் தெரியும். நடந்து சேர்கிற தூரம் இல்லை. மனசு விட்டுப்போனது. மண்டிபோட நேரமில்லை, ஓடிக்கொண்டே கேட்டேன். "மாதாவே, ஒம் மகன் சாகையில நீ பக்கத்துல நின்னு பாத்த. எனக்கு அந்தத் தெம்பு இல்ல. ஒரு வண்டி அனுப்பு. என்ன வண்டியா இருந்தாலும் சரி."

பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. தோல் பதனிடுகிற ஷாப்புக்கு ஆவாரம்பட்டையும் உப்புத்தோலும் ஏற்றிப்போகிற லாரி. கண்ணுக்கு வரும் முன்னே நாற்றம் வந்துவிட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த ராவுத்தர் கதவைத் திறந்தார்.

"பிள்ளைக்கு என்னம்மா?"

"தொண்ட அடச்சிருச்சு அய்யா."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. தன் இடத்தில் என்னை ஏற்றிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு பின்னால் போய்த் தோல் கட்டுமேல் உட்கார்ந்தார். லாரி கிளம்பும்போது என் வீட்டுக்காரர் சட்டைகூடப் போடாமல் ஓடிவந்து பின்பலகையைப் பிடித்துத் தொற்றினார். அண்ணனைக் கேட்காமல் அவர் செய்த முதல் காரியம் அதுதான்.

திண்டுக்கல்லில் ரயில்வே கேட்டு அடைத்திருந்தது. ராவுத்தர் இறங்கி வந்து, "கொடும்மா, நின்னா ஆகாது" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி ஓடினார். அந்தப் பக்கம் நின்ற குதிரை வண்டியில் எங்களை ஏற்றி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தார். டாக்டரம்மா பார்த்த மாத்திரத்தில் பிள்ளையை உள்ளே தூக்கிப்போனார். கழுத்தைக் கீறி வெள்ளிக் குழாய் ஒன்றை வைத்தார்கள். கதவுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது, புஸ்ஸென்று மூச்சு உள்ளே போன சத்தம். நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். திரும்பிப் பார்த்தால் ராவுத்தரைக் காணோம், லாரிக்குப் போய்விட்டார்.

ஊசி போட்டுக் காய்ச்சல் இறங்கி, குழாயும் எடுத்து, பிள்ளையோடு ஊருக்குத் திரும்பினோம். அதற்குள் ஊரில் அற்புதம் நடந்து முடிந்திருந்தது. ஒரு சொட்டுப் பொன் உள்ளே போனதாம், பிள்ளையை அதுதான் காப்பாற்றியதாம். தரை துடைத்த சேலைத் துண்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார் மூத்தார். வத்தலக்குண்டிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்து அந்தப் பெட்டியில் உதடு வைத்து முத்தி செய்தார்கள். எங்கள் வீட்டுச் சாணித் தரைக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்.

சுவாமியார் வந்த ஞாயிற்றுக்கிழமை, என்னை எழுந்து சாட்சி சொல்லச் சொன்னார்கள். நான் மகனுடைய சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழுத்தைக் காட்டினேன். "ஒங்க பொன்னு நாக்கத் தாண்டல. இந்த ஓட்டை வழியாத்தான் உசிரு உள்ள போச்சு. முத்தி செய்யணும்னா இங்க வந்து செய்ங்க" என்றேன். ஒருவரும் வரவில்லை. திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கினேன்.

சுவாமியார் மூத்தாரைக் கூப்பிட்டார். "பொன்னு அடையாளம்னு சொன்னேன். அடையாளத்தக் கரைச்சுக் குடிக்கச் சொன்னேனா?" என்றார். பூசைப் பாத்திரத்தைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். வெளியே வெறும் வெள்ளி, அங்கங்கே நசுங்கல். உள்ளே மட்டும் பொன் பூச்சு. "ஆண்டவர் ரத்தம் தங்குற எடத்துக்குத்தான் பொன்னு. வரப்பிரசாதமும் உள்ளதான் வேல செய்யும். வெளிய தேடாதீங்க" என்றார். பெட்டி போனது. டப்பா மட்டும் மூத்தார் இடுப்பிலேயே இருந்தது. எனக்கோ அன்றைக்குத்தான் அந்த உவமையே பிடிபட்டது. தோல் நாற்றம் அடித்த அந்த மனிதருக்கு உள்ளே என்ன பூசியிருந்தது என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு காலை வேளை. மூத்தார் என் வாசலில் வந்து நின்றார். தோளில் அவருடைய பேத்தி. கழுத்து வீங்கியிருந்தது.

"தாயி, அந்த டாக்டரம்மா இருக்கிற எடத்தக் காட்டு" என்றார்.

"ஏன் மாமா, பொன்னு தீந்துருச்சோ?" என்று கேட்டுவிட்டேன். எத்தனை நாளாக நாக்கில் வைத்திருந்த கேள்வி. அவர் பிள்ளையை என் பக்கம் நீட்டினார். பிள்ளை மூச்சு இழுத்தது. அதே சத்தம். நான் உலை வைத்த அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

மாட்டை அவரே விரட்டினார். பாதி வழியில், "எனக்குச் செபமே வரமாட்டேங்குது தாயி. நீ சொல்லு" என்றார். அவர்மேல் எனக்கு இருந்த இளக்காரம் அந்த நிமிஷமும் போகவில்லை. அதை வைத்துக்கொண்டேதான் சொன்னேன். வண்டி கேட்டதை மட்டும் விட்டுவிட்டு, என் மகனுக்குக் கேட்ட அதே வார்த்தையில் அவர் பேத்திக்கும் கேட்டேன். பிள்ளை பிழைத்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், வாயாடி.

அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஆண்டவர் என்னிடம் அதைக் கேட்கவும் இல்லை. முன்பெல்லாம் ஒருத்தரைப் பார்த்ததும் இவருக்குச் செபம் பலிக்காது என்று நானே தீர்ப்பு எழுதிவிடுவேன். அந்த வேலையை விட்டுவிட்டேன், என்னிடம் மாறியது அதுதான். உங்கள் வீட்டிலும் ஒரு நாள் பிள்ளைக்கு மூச்சு முட்டும். அப்போது ஊரைக் கூட்டாதீர்கள், மண்டிபோட நல்ல இடம் தேடாதீர்கள். பிள்ளையைத் தூக்குங்கள், ஓடுங்கள், ஓடிக்கொண்டே கேளுங்கள். எனக்கு நின்று கேட்க நேரமில்லை என்று ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது.