ஞாயிறுகளில் வதனியின் குரல்

என் மனைவி வதனி பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் விழுந்துவிட்டாள் என்ற செய்தி வந்தபோது, நான் மில்லிக்கன் பகுதியில் வேலைசெய்யும் திருத்துக்கடையில் ஒரு ரிவிப் பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மூளையில் இரத்தக்கசிவு என்றார்கள். வேறு வதனியாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில், முழுப்பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னேன். கழற்றிய திருகாணிகளைத் தேநீர்க் கோப்பைக்குள் போட்டுவிட்டுத்தான் புறப்பட்டேன்.

"ஆபிரிக்க மொழி படிச்சு என்ன வேலை எடுக்கப்போறீர், பிள்ளை?" என்று அவளைக் கேட்ட அன்ரிமாரும் இதை வாசிக்கக்கூடும். கிழக்கு ஆபிரிக்காவில் அதிகம் எழுதப்படாத ஒரு மொழி, ஒன்றையும் பலவற்றையும் எப்படி வேறுபடுத்துகிறது என்பதே அவளுடைய ஆய்வு. அதில் தேனீக்கான சின்னச் சொல் கூட்டத்தைத்தான் குறிக்கும். ஒரேயொரு தேனீயைச் சொல்ல அதனோடு விகுதி சேர்க்க வேண்டும். "அவையளுக்குக் கூட்டம்தான் முதல். தனிய நிக்கிறதுக்குத்தான் வால் ஒட்டவேணும்," என்பாள்.

அஜின்கோர்ட்டில் இருந்த ஹவா என்ற அகதிப்பெண்தான் அந்த மொழியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். முதல் நாளே வதனி பிழைவிட்டாள். ஹவாவின் மகனைக் காட்டி ஒரு பிள்ளைக்கான சொல்லைக் கேட்டவள், மற்றவர்களையும் சேர்த்துக் காட்டி, "இத்தனை பேரென்றால்?" என்றாள். ஹவா ரெக்கோடரை நிறுத்திவிட்டார். "உன்னை அனுப்பியது யார்? இமிகிரேஷனா?" அவருடைய ஊரில் அந்நியர் முன் பிள்ளைகளை எண்ணுவதில்லை. அகதி வழக்கும் முடிந்திருக்கவில்லை.

அன்று வதனி சப்பாத்தையும் கழற்றாமல் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள்.

"எங்கட அம்மாவும் பிள்ளையளை எண்ணினால் ஏசுவா. எனக்கெப்பிடி உது மறந்தது?"

"நீர் நல்ல ஆள் எண்டு அவவுக்குச் சொல்லுமன்."

"ஏன் சொல்லோணும்? சந்தேகப்படுறது அவவின்ரை உரிமை."

அடுத்தமுறை அவரைக்கொட்டைகளோடு போனாள். பிள்ளைகளுக்குப் பதிலாக அவற்றை எண்ணினார்கள். வதனியின் வேலை நின்றால் ஒலிநாடாக்கள் எல்லாம் ஹவாவிடமே போகவேண்டும், வேறு எவரிடமும் அல்ல என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

வதனியின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் அவளோடு படித்த சென்னைக்காரர் முரளி வந்தார். தேநீரைக் குடிக்கவில்லை, அலுமாரியையே பார்த்தார்.

"டேப்பெல்லாம் இங்கதான இருக்கு? அவங்க ஆய்வை நான் முடிச்சிடறேன். அவங்க பேரையும் போட்டுடலாம்."

"ஹவாவைக் கேக்கோணும்."

"அந்தம்மாவுக்கு இதுல என்னங்க தெரியும்?"

அவரை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினேன். அந்த நாடாக்களில் கேள்வி கேட்பது வதனி. அவளுடைய குரல் பதிவான வேறெதுவும் என்னிடம் இல்லை. ஹவாவும் திருப்பித் தருவார் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

ஹவா சங்கிலியை எடுக்காமலே கதவைத் திறந்தார்.

"அவள் எங்கள் பேச்சை யாரிடம் கொடுத்தாள்?"

இறந்துவிட்டாள் என்றேன்.

"யார் சொன்னது?"

வதனியின் படம் போட்டு அவள் நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தைக் கதவிடைவெளிக்குள் நீட்டினேன். நெடுநேரம் பார்த்தார். சங்கிலி அப்படியே இருந்தது. பை நுழையாததால் நாடாக்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். கடைசி நாடாவை என் கை விடவில்லை.

"இதை வைத்திருக்கலாமா?"

"என் பிள்ளைகளின் பெயர் அதில் இருக்கிறது."

கொடுத்தேன். கதவு மூடியது. படிவரை போனபின், பின்னால் சங்கிலி கழன்ற சத்தம் கேட்டது.

"ஞாயிறு வா. இங்கேயிருந்து கேள்."

ஞாயிறுகளில் போகிறேன். ஹவா ரெக்கோடரை மடியில் வைத்துக்கொள்வார். வதனி கேட்பாள்; பிறகு சிரிப்பாள். பிள்ளைகளின் பெயர் வரப்போகும் இடத்தில் ஹவாவின் விரல் பொத்தானை அழுத்தும், வதனியின் குரலும் நின்றுபோகும். அந்த விரல் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. "அவவின்ரை உரிமை" என்ற அந்தச் சொல்தான் வதனி எனக்கு விட்டுப்போனது.