மூன்றாம் கட்டத்தில் ஒரு டிக்: கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு அரை நாள்

"மேம், நீங்க யாருக்காவது முழு மார்க்கு போட்டுருக்கீங்களா?" என்று சுகந்தி ஒருமுறை என்னைக் கேட்டாள். அப்போது அவள் வேதிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. ஆய்வகக் குறிப்பேட்டில் நான் போட்டிருந்த பத்துக்கு ஏழரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "பத்துக்குப் பத்து போட்டுட்டா அப்புறம் நீ எதுக்கு வகுப்புக்கு வரணும்?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பதினோரு வருடம் கழித்து, போன அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, அதே சுகந்தியோடு கடலூரிலிருந்து சிதம்பரம் போய்வந்தேன். நான் இருபத்தாறு வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பொறியியல் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. அவள் பிசினஸ் ஸ்கூலுக்கு விண்ணப்பித்திருந்தாள். அதற்கு டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும். எல்லாப் பருவ மதிப்பெண்களையும் ஒரே தாளில் திரட்டி, முத்திரை வைத்து, மூடிய உறையில் கல்லூரி தருவதற்குத்தான் அந்தப் பெயர். தேர்வுப் பிரிவில் எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கூட வந்தால் ஒரே நாளில் வாங்கிவிடலாம் என்று நானேதான் சொன்னேன். வேலை பார்த்துக்கொண்டே விண்ணப்பிக்கும் பொறியாளர்களுக்கு இந்தப் பதிவு உதவலாம் என்று நேரம், செலவு எல்லாம் குறித்திருக்கிறேன்.

சுகந்தியைப் பற்றிக் கொஞ்சம். ஊர் காடாம்புலியூர், அப்பாவுக்கு முந்திரித் தோப்பு. எட்டு வருடமாகக் கடலூர் முதுநகரைத் தாண்டி ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் இன்ஜினீயர். ஐந்து வயதில் ஒரு மகள். அவள் சேர நினைத்தது விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு வருடப் படிப்பு. முந்தின வருடமும் விண்ணப்பித்தாள். நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் இருந்தும் நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. இது இரண்டாவது முறை.

காலை ஏழு பத்துக்கு மஞ்சக்குப்பத்தில் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கெடிலம் பாலம் தாண்டி திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். சுகந்தி தோளில் பையும் கையில் ஃபைலுமாக நின்றுகொண்டிருந்தாள். மத்தியானம் இரண்டரைக்கு அவளுக்கு ஷிப்ட், அதற்குள் திரும்பியாக வேண்டும். ஏழே முக்கால் சிதம்பரம் வண்டியில் இடம் கிடைத்தது. ஒருவருக்கு நாற்பது ரூபாய், தூரம் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். கண்டக்டர் படிக்கட்டில் நின்றபடி, "சிதம்பரம்லாம் ஏறு! ஆலப்பாக்கம், புதுச்சத்திரம்லாம் பின்னாடி வண்டி, அங்க எடம் ஜாஸ்தி" என்று கத்திக்கொண்டிருந்தார். ஒரு பெரியவர், "ஜாஸ்தி எடம் இருக்குற வண்டில நீ போயேன்யா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

முதுநகர் தாண்டியதும் பேச்சு விண்ணப்பத்துக்கு வந்தது.

"இந்த வருஷம் விட்டா முடிஞ்சிது மேம்," என்றாள். "ஜூன்ல பாப்பா ஒன்னாங் கிளாஸ். எங்க மாமியார் ஒரு வருஷம் பாத்துக்குறேன்னு ஒத்துக்கிட்டாங்க. அதுவே பெருசு. அடுத்த வருஷம்லாம் அவுங்ககிட்ட போயி நிக்க முடியாது."

"போன வருஷம் எங்க தப்பாச்சுன்னு சொன்னாங்களா?"

"வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்னு ரெண்டு வரி. அவ்ளோதான்."

விண்ணப்பத்தோடு இரண்டு சிபாரிசுக் கடிதங்கள் போக வேண்டும். ஒன்று அவளுடைய தொழிற்சாலைத் தலைவர் கொடுத்தது, இன்னொன்று நான் கொடுத்தது. "உங்க பிளான்ட் ஹெட் என்னத்த எழுதினாரோ" என்றேன். சொன்னதோடு நின்றிருக்கலாம். நான் எப்படி எழுதியிருந்தேன் என்று காட்ட ஆசை வந்தது. முந்தின வருடம் நான் நிரப்பிய படிவத்தின் நகலை என் மகன் ஃபோனில் சேமித்துக் கொடுத்திருந்தான். ரகசியம் என்று அதன் மேலே போட்டிருந்தது. முடிந்துபோன வருடத்துடையதுதானே என்று எடுத்து நீட்டினேன்.

படிவத்தில் பத்துக் குணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். சராசரிக்குக் கீழ், சராசரி, நன்று, மிக நன்று, ஒப்பற்றவர். ஏழு குணங்களுக்கு மூன்றாம் கட்டத்தில் டிக் அடித்திருந்தேன், மூன்றுக்கு நான்காம் கட்டத்தில். ஐந்தாவதில் ஒன்றுகூட இல்லை. என் கையால் 'நன்று' வாங்கிய குறிப்பேட்டைப் பிள்ளைகள் விடுதி முழுக்கக் காட்டிக்கொண்டு அலைவார்கள். அந்த நினைப்பில் அடித்த டிக்.

அதன் கீழே இரண்டு கேள்விகள். இவருடைய பலம் என்ன என்பதற்கு, உழைப்பாளி, ஒழுக்கமானவர் என்று இரண்டு வரி. எதில் முன்னேற வேண்டும் என்பதற்கு முக்கால் பக்கம். எதையும் ஒரு உதாரணத்தோடு சொல்வது என் பழக்கம். இறுதியாண்டுச் செயல்திட்டத்தில் அவர்கள் குழு ஒரு வெப்பப் பரிமாற்றி செய்தது. சூடான தண்ணீரும் குளிர்ந்த தண்ணீரும் எதிரெதிராக ஓட வேண்டும். கூட இருந்த பெண் இரண்டும் ஒரே பக்கம் ஓடும்படி குழாயை மாட்டிவிட்டாள். சுகந்திக்கு அது தெரியும். தோழி ஏற்கெனவே அழுதுகொண்டிருந்ததால் தேர்வாளர்கள் முன்னால் வாய் திறக்காமல் மதிப்பெண்ணை விட்டுக்கொடுத்தாள். தவறு நடக்கும்போது இவர் பேசாமல் இருந்துவிடுவார், இதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தேன். பெருந்தன்மைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்பதும், யார் படித்தாலும் அது புரியும் என்பதும் என் எண்ணம்.

ஆலப்பாக்கத்தில் எடுத்தவள் புதுச்சத்திரம் வரை படித்தாள். மேலே தள்ளி மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"இந்த வருஷத்துது அனுப்பிட்டீங்களா மேம்?"

"ஞாயித்துக்கிழமையே அனுப்பிட்டேனே. இதேதான். ஒரு எழுத்து மாத்தல."

ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "எங்க பிளான்ட் ஹெட் பத்துலயும் அஞ்சாவது கட்டத்துல போட்டேன்னு அவரே சொன்னாரு மேம். எம் பேரே அவருக்கு ஒழுங்கா வராது. சுமதின்னுதான் கூப்புடுவாரு."

"அதுக்காகப் பொய்யா எழுத முடியும்?"

"பொய் இல்ல மேம். அங்க அதான் அளவு. நாலு போட்டாலே இந்தப் பொண்ணுகிட்ட என்னமோ சரியில்லன்னு எடுத்துப்பாங்க. நீங்க மூணு போட்டு, கூடவே கதையும் எழுதியிருக்கீங்க."

"இதெல்லாம் நீ முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்ககிட்ட போயி, மேம் எனக்கு அஞ்சு போடுங்கன்னு எப்புடி மேம் சொல்றது?"

பி.முட்லூர் வந்தது, வெள்ளாற்றுப் பாலம் வந்தது. சிதம்பரத்தில் இறங்கும்போது ஒன்பது ஐந்து.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லூரிக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். சிதம்பரத்தில் வெளியூர் முகம் எதுவானாலும் ஆட்டோக்காரர்கள் கோயில் வாசலில்தான் கொண்டுபோய் விடப் பார்ப்பார்கள். "கோயில் இல்லப்பா, காலேஜு" என்றேன். "காலேஜா? ரெண்டு பேருமேவா சேரப் போறீங்க?" என்றார். வேறு நாளாயிருந்தால் நானும் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பேன்.

தேர்வுப் பிரிவு கண்காணிப்பாளர் பன்னீர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க மேடம்! இன்னிக்கு யாரு மார்க்க கொறைக்க வந்துருக்கீங்க?" அறையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். அவர் சுகந்தியிடம் திரும்பி, "மேடம்கிட்ட எழுவது வாங்குனா வெளில தொண்ணூறுக்கு சமம்மா" என்றார்.

"அது வெளில இருக்குறவங்களுக்குத் தெரியாதே சார்," என்றாள் சுகந்தி. பன்னீர் அதற்கும் சிரித்தார்.

விண்ணப்பக் கடிதம், எட்டுப் பருவ மதிப்பெண் பட்டியல்களின் நகல், பட்டச் சான்றிதழ் நகல், ஆதார் நகல். கட்டணம் மூன்று உறைகளுக்கு ஆயிரத்து இருநூறு. பதினொன்று இருபதுக்கு மூன்று உறைகளும் கைக்கு வந்தன. பன்னீர் மளமளவென்று முடித்துக் கொடுத்தார், அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை.

வெளியே சைக்கிள் ஷெட் பக்கம் நின்று பிசினஸ் ஸ்கூலின் சேர்க்கை அலுவலகத்தை அழைத்தோம். ஸ்பீக்கரில் ஒரு பெண், நல்ல மரியாதையான ஆங்கிலம். வந்து சேர்ந்த சிபாரிசுக் கடிதத்தைத் திரும்பப் பெற முடியாது, இந்தச் சுற்றில் ஆளையும் மாற்ற முடியாது என்றார். ஃபோனை நான் வாங்கிக்கொண்டேன். கடிதம் எழுதிய ஆசிரியை நான்தான், அதில் தவறு நேர்ந்துவிட்டது, திருத்த அனுமதிக்க வேண்டும் என்றேன்.

அவர் நிதானமாகக் கேட்டார். "மேடம், நீங்கள் எழுதியதில் எதுவும் உண்மைக்கு மாறாக இருக்கிறதா?"

சுகந்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அடுத்து என்ன நடந்திருக்கும், எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருடத்தில் என்னிடம் படித்தவர்களில் ஒருத்தி எதிரில் நிற்கிறாள்.

"இல்லை. எல்லாம் உண்மைதான்," என்றேன்.

"அப்படியானால் பிரச்சினை இல்லையே மேடம்," என்றார்.

சுகந்தி ஃபோனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "விடுங்க மேம். வந்த வேலைய முடிப்போம்," என்றாள். தபால் நிலையத்துக்குப் போய் ஒரு உறையை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினோம், எழுபத்தோரு ரூபாய். பக்கத்தில் ஒரு ஓட்டலில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். இருவருக்கும் சேர்த்து நூற்றுப்பத்து. கொத்சு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். பணத்தை நான் எடுப்பதற்குள் அவள் கொடுத்துவிட்டாள்.

பன்னிரண்டு நாற்பது வண்டியில் திரும்பினோம். வழி முழுக்க அவள் கண்ணை மூடியிருந்தாள், தூங்கினாளா என்று தெரியாது. ஒன்றே முக்காலுக்கு சிப்காட் ஸ்டாப்பில் எழுந்தவள், "வரேன் மேம். தண்ணி குடிச்சிட்டே போங்க, வெயில் ஜாஸ்தி" என்று சொல்லி இறங்கினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டிசம்பரில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "மேம், இந்த தடவையும் கூப்புடல. சொல்லணும்னு தோணிச்சு, சொன்னேன்." என் கடிதத்தால்தான் போயிற்றா என்று கேட்க இடமில்லை. காரணத்தை அவர்கள் யாருக்கும் சொல்வதில்லை. வேறு ஏதோ காரணம் இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். சுகந்தியும் அதையேதான் சொன்னாள். அவள் மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. அவள் இன்னும் அதே ஷிப்டில் இருக்கிறாள்.

அந்தப் படிவத்தின் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஐந்து கட்டம் வரைந்து வைத்துவிட்டு ஒன்றை மட்டுமே கணக்கில் எடுப்பவர்கள், மற்ற நான்கை எதற்கு வரைகிறார்கள்? பெயர் தெரியாதவளுக்குப் பத்துக்குப் பத்து போட்டவர் நல்ல மேலதிகாரி. எட்டுப் பருவம் அவளைப் பக்கத்தில் இருந்து பார்த்து, யோசித்து, இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய நான் அவள் வழியை அடைத்தவள். ஆனால் கோபத்தை அந்தப் பக்கமே தள்ளிவிட முடியவில்லை. பாராட்டுக்கு இரண்டு வரியும் குறைக்கு முக்கால் பக்கமும் எழுதச் சொல்லி எந்தப் படிவமும் என்னைக் கேட்கவில்லை. இந்த இருபத்தாறு வருடத்தில் மேல்படிப்புக்கும் வேலைக்குமாக நாற்பது பேருக்காவது இப்படி எழுதிக் கொடுத்திருப்பேன். எல்லாரும் நன்றி சொல்லி வாங்கிப்போனார்கள். அவர்களில் யாருக்கு என்ன ஆனது என்று நான் விசாரித்ததில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வார நாளில் போங்கள், பத்து மணிக்குள் கவுன்ட்டரில் இருங்கள், ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம். எல்லா நகலிலும் இரண்டு செட் வையுங்கள், கல்லூரிக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை கிடையாது. ஒரு உறை கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள், முத்திரை பிரிந்தால் அது செல்லாது. அவசரம் இல்லையென்றால் தபாலிலேயே விண்ணப்பிக்கலாம், மூன்று வாரம் ஆகும். ஆட்டோவில் ஏறும் முன் கல்லூரி என்று அழுத்திச் சொல்லுங்கள். அரை நாளில் போய்வர என் பங்குக்குச் செலவு இருநூறு ரூபாய்க்குள்தான்.

என்னைப் போல எழுதிக் கொடுக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. யாருக்காவது சிபாரிசுக் கடிதம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தால், முதல் டிக் அடிப்பதற்கு முன்னால் அவருக்கு ஃபோன் செய்து, அந்த இடத்தில் எந்தக் கட்டத்துக்கு என்ன பொருள் என்று கேளுங்கள்.