சல்மேயின் இடக்கைக் கையெழுத்து

எங்கள் தீவின் குய்வாஸ்து துறைமுகத்தில் லாரிகளை வரிசையில் நிறுத்திக் கப்பலேற்றும் வேலையிலேயே சல்மேக்குத் தலை நரைத்தது. குறுக்கே நுழையும் ஓட்டுநரை ஒரு அதட்டு அதட்டினால் வண்டி மறுபேச்சில்லாமல் பின்னால் போகும். பக்கவாதம் வந்து அவளுடைய வலக்கையை முடக்கியது, வாயை விட்டுவைத்தது. பக்கத்து வீட்டுக்காரி நான். தினமும் திட்டு வாங்கினாலும் எனக்கு அதில் சந்தோஷம்தான்.

அவளுடைய தம்பி ஆர்வெத் பல வருஷம் பின்லாந்தில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். அக்காவை முதியோர் இல்லத்தில் சேர்க்க ஒற்றைக்காலில் நின்றான். அவள் மசியவில்லை. என்ன செய்தான் தெரியுமா? வீட்டை விட்டு இல்லத்துக்குப் போகச் சம்மதம் என்று அவள் பெயரிலேயே, இல்லத்தில் இடம் ஒதுக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டான். அடியில் அவளுடைய பழைய கையெழுத்தைப் படம் பிடித்து ஒட்டியிருந்தான். எங்கள் மூஹு தீவில் பள்ளிக்கூடப் பிள்ளைகூட அதை நம்பாது. இங்கே கையெழுத்து என்றால் அடையாள அட்டையைக் கணினியில் செருகி, ரகசிய எண்ணை அடித்துப் போடுவது. மற்றதெல்லாம் கிறுக்கல்.

அலுவலகத்திலிருந்து கிர்கே போன் செய்தாள். "சல்மே அக்கா, உங்க பேர்ல ஒரு கடிதம் வந்திருக்கு. அட்டைக் கையெழுத்து இல்லையே, நீங்கதான் அனுப்பினீங்களா? இல்லன்னா, இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க."

ஆர்வெத்தும் நானும் அப்போது அவள் வீட்டில்தான் இருந்தோம். சல்மே அவனைப் பிடித்து உலுக்காத குறை.

"உன்னால கையெழுத்துக்கூடப் போட முடியாது. தனியா எப்படிக்கா இருப்பே?"

"போடறேன், பாத்துக்கோ!"

'அந்தக் கடிதம் நான் அனுப்பியதல்ல. என் வீட்டில்தான் இருப்பேன்' என்று இடக்கையால் தட்டி முடித்தாள். அட்டையைச் செருகினாள். அடுத்து ஐந்து இலக்க ரகசிய எண். விரல் பக்கத்து எண்ணில் விழுந்தது. தப்பு. மறுபடியும் தப்பு. மூன்றாவதும் தப்பானால் அட்டை பூட்டிக்கொள்ளும். ஆர்வெத் சொன்னதுதான் சரி என்றாகிவிடும்.

"எண்ணைச் சொல்லுக்கா, நான் அடிக்கிறேன்."

"சொன்னா அது உன் கையெழுத்துடா. எனக்காக ஒண்ணு போட்டியே, போதாதா? தள்ளி நில்லு!"

மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. திரையில் அவளுடைய பெயர் பச்சையாக வந்தது. நான் கத்தியேவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கிர்கே கூப்பிட்டாள். "வந்துடுச்சுக்கா. உங்களோடதுதான், சந்தேகமே இல்ல. பழைய கடிதத்தைத் தள்ளிட்டேன்."

ஆர்வெத் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். "வாதம் வந்த அன்னிக்கு நீ தரையில விழுந்து கிடந்ததை நான்தானே பாத்தேன். பயமா இருக்குக்கா."

"அப்ப அதை எழுது. உன் பேர்ல எழுது, உன் அட்டையில போடு."

அவன் தன் அட்டையை எடுத்தான். ரொம்ப நேரம் தட்டினான். அவளுக்கு ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. சல்மே அதை உடனே படிக்கவில்லை. யார் கையெழுத்து என்று முதலில் சரிபார்த்தாள். அப்புறம்தான் திறந்தாள். 'அக்கா, நீ தனியாக இருப்பது எனக்குப் பயம்.'

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ எனக்கு எழுதின முதல் கடிதம்டா இது," என்றாள்.