விரலில் பட்ட பந்து

நம் நாட்டு ஆண்கள் வாலிபால் அணி ஆசிய அளவில் பதக்கம் வாங்கிப் பல காலமாகிறது. அதைச் சொல்லிக் கேலி செய்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாட்டுத்தாவணியில் பூக்கடை வைத்திருக்கும் என் நண்பன் அந்த ரகம்.

ஒரு சாயங்காலம், நாகமலை புதுக்கோட்டை மைதானத்தில் நாங்கள் ஆடுவதற்கு முன், நம் அணியின் ஆட்டத்தை என் செல்போனில் பார்த்தோம். கடைசி செட். எதிரணி அடித்த பந்து வெளியே விழ, நடுவர் நமக்குப் புள்ளி கொடுத்தார். தடுக்க எம்பிய நம் ஆள் உடனே கையைத் தூக்கி, பந்து தன் விரலில் பட்டதென்று காட்டினான். பட்டு வெளியே போனால் அடித்தவர்களுக்குத்தான் புள்ளி. புள்ளி போனது, ஆட்டமும் போனது.

“ரெப்ரியே குடுத்துட்டாரு, இவன யாரு மாப்ள கையத் தூக்கச் சொன்னா? இப்பிடித்தான் தோத்துட்டு வாராய்ங்க” என்று நண்பன் கத்தினான். எனக்கோ அந்த ஆளைக் கும்பிடத் தோன்றியது.

பிறகு நாங்கள் ஆடினோம். எங்கள் மைதானத்தில் நடுவர் கிடையாது. பட்டவனே கையைத் தூக்க வேண்டும். கடைசிப் புள்ளிக்கு நான் அடித்த பந்து வெளியே விழுந்தது. ஜெயித்துவிட்டதாக எதிர்ப்பக்கம் குதித்தார்கள். அவர்கள் அணியில் தடுக்க எம்பிய நண்பன் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினான்.

நான் அவனைப் பார்த்தேன்.

“சிரிச்சேன்னா அம்புட்டுதான்” என்றான்.