உம் கொட்டிய கிட்டார்

என் தாய்மாமா சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் பதினோரு வருடம் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது, எல்லோரும் எதிர்பார்த்த தங்கச் சங்கிலி கழுத்தில் இல்லை. தோளில் ஒரு பழைய கிட்டார் இருந்தது. அடுத்த வருடம் அது மூன்றானது. நாகப்பட்டினத்தில் கோயில் பாடகர் ஒருவரின் வீட்டுப் பரணிலிருந்து ஒன்று, கூத்தாநல்லூரில் ஒரு காலத்தில் சைகோனில் கடை வைத்திருந்த குடும்பத்தின் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒன்று என்று மெல்ல ஏழு சேர்ந்தன. எதற்கும் மின்சாரம் வேண்டாம். வெறும் மரமும் கம்பியும்தான்.

மாமாவுக்குச் சரியாக வாசிக்கத் தெரியாது. ஆனால் பலகையை விரல் முட்டியால் தட்டிக் கேட்பார். நடுவிலிருக்கும் வட்ட ஓட்டைக்குள் மூக்கை விட்டு முகர்வார். முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொள்வார்.

"புதுப் பலகைக்கு வாய் மட்டுந்தான் மாப்ள இருக்கும். அம்பது வருஷம் ஆனாத்தான் காது முளைக்கும்."

"ஒங்க மாமனுக்கு அந்த ஊரு வெயில் ஒத்துக்கல" என்பார் அப்பா.

ஏழில் மிகப் பழையது கூத்தாநல்லூர் கிட்டார்தான். சின்ன உடம்பு, தேன் நிறம். உள்ளே ஒட்டியிருந்த சீட்டைப் பூச்சி அரித்து, பெயரில் இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். அதைக் கையில் எடுத்தால் மாமாவின் குரலே தணிந்துவிடும். ஓர் ஐப்பசி மாதத்தில் அதைப் பாபநாசத்தை ஒட்டிய எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார். அவர் வீடு ஆற்றங்கரையில், சுவரெல்லாம் ஓதம். எங்கள் வீட்டில் பத்தாயமும் நெல் மூட்டைகளும் இருக்கும் அறை ஒன்று உண்டு. காய்ந்த நெல் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும், மரத்துக்கு நல்லது என்றார்.

"அத்தான், ஈர நெல்ல மட்டும் உள்ள விட்றாதீங்க."

"ஈர நெல்ல கொள்முதல் நிலையத்துலயே உள்ள விடமாட்டேங்கிறான். நீயுமா?" என்றார் அப்பா.

நெல் அறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, "ஏதாவது பேசுக்கா" என்றார்.

"என்னத்தப் பேச?"

"என்னத்தயாவது."

அம்மா, அன்றைக்கு வாங்கிய கத்தரிக்காயில் புழு இருந்ததைச் சொன்னாள். மாமா காதைப் பலகையில் வைத்துக்கொண்டு கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தார். அவள் பேசி முடிக்கும்வரை முறுக்கினார். பெரியவர்கள் செய்யும் விநோதங்களில் அதுவும் ஒன்று என்று நான் விளையாடப் போய்விட்டேன்.

மழைக்காகப் பள்ளிக்கூடம் விட்ட ஒரு நாள். உச்சிப்பொழுது, ஆனால் வானம் மூடிக் கிடந்தது. அப்பா வயலுக்குத் தண்ணீர் வடிக்கப் போயிருந்தார். நெல் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அம்மாவின் குரல்.

"இன்னிக்குக் கொழம்புல உப்பு கூடிப்போச்சு. ஒங்கப்பா ஒண்ணும் சொல்லாம தின்னுட்டுப் போறாரு."

பிறகு உள்ளேயிருந்து, "ம்ம்."

கதை கேட்கிற பிள்ளை உம் கொட்டுமே, அதே மாதிரி.

"தம்பி மூணாங்கிளாஸ் போயிட்டான். எழுத்தெல்லாம் குண்டு குண்டா எழுதுறான்."

"ம்ம்."

தம்பி நான்தான். யாரோ என்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா இன்னும் தணிந்த குரலில், "பாப்பா" என்றாள். அதற்கு வந்த உம், மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. தேய்ந்து தேய்ந்து, நின்றதா இல்லையா என்று தெரியாமல் நின்றது.

எங்கள் வீட்டில் பாப்பா என்று யாரும் இல்லை. எனக்கு முன் ஒரு பெண் பிறந்து, இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு வருடம் கரை உடைந்தது என்பார்களே, அதுபோல ஒரு தகவலாகத்தான்.

அம்மா குளிக்கப் போனதும் நான் உள்ளே நுழைந்தேன். நெல் சுணையின் வாசனை. சுவரில் அது தொங்கிக்கொண்டிருந்தது. வட்ட ஓட்டை இருட்டாக இருந்தது. "யாரு?" என்றேன். ஒன்றுமில்லை. அம்மாவைப் போலக் குரலை மாற்றி, "பாப்பா" என்றேன்.

"ம்ம்."

வாசலுக்கு வந்த பிறகுதான் ஓடியிருக்கிறேன் என்று தெரிந்தது.

உச்சி நேரத்தில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ஏனென்று கேட்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பேய் இரண்டு தடவைதான் கூப்பிடும். மனுசர்தான் மூன்றாவது தடவையும் கூப்பிடுவார்கள். ஆனால் இது கூப்பிடவில்லை, பதில் சொன்னது. கூப்பிடுகிற பேய்க்கு விதி இருந்தது. பதில் சொல்கிற பேய்க்கு இல்லை.

தினமும் உச்சியில் அம்மா உள்ளே போனாள். கன்னத்தில் சுணை ஒட்டியிருக்க, தானாகச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு நாள் உலை பொங்கி அடுப்பு அணைந்தது, அவளுக்குத் தெரியவில்லை. அது அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் உள்ளே போனவள் வெளியே வரமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

மூட்டை மேல் ஏறினேன். கிட்டாரின் தலையில் ஆறு திருகுகள், ஆறு காதுகள். வாத்தியார் என் காதைத் திருகுவதுபோல ஒவ்வொன்றாகத் திருகினேன். முதல் காது முனகியது. கண்ணை மூடிக்கொண்டு மற்றவற்றையும் திருகினேன். ஆறு கம்பிகளும் தொய்ந்து விழுந்தன.

மறுநாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"பாப்பா."

ஒன்றுமில்லை.

"பாப்பா."

பத்தாயத்துக்குள் எலி ஓடியது. நெடுநேரம் கழித்து மூன்றாவது முறையும் கூப்பிட்டாள். பிறகு வெளியே வந்து, முகம் கழுவி, அரிசி களைய உட்கார்ந்தாள். மூன்றாவது முறையும் கூப்பிட்டதால் அவள் மனுசிதான், என் அம்மாதான் என்று நான் நிம்மதியடைந்தேன்.

அடுத்த வாரம் மாமா வந்தார். கம்பிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யாரு மாப்ள தளத்துனது?"

"நாந்தான் மாமா. உள்ள ஒண்ணு இருந்துச்சு. ஓட்டிட்டேன்."

கையை ஓங்குவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அடுக்களைப் பக்கம் திரும்பி, "முறுக்கி வச்சிரட்டுமாக்கா?" என்றார்.

"வேணாம்டா. மூணு தடவ கூப்புட்டுட்டேன்" என்றாள் அம்மா, திரும்பாமலே.

பின்னாளில் மன்னார்குடியில் இயற்பியல் படித்தபோது ஒத்ததிர்வு என்று ஒரு பாடம் வந்தது. எங்கள் குடும்பத்தில் அந்தப் பாடம்வரை போன முதல் ஆள் நான். ஒரு குரலின் சுருதிக்கு முறுக்கிய கம்பி, அந்தக் குரல் ஒலித்தால் தானாக அதிரும். தேர்வில் அதை நன்றாகவே எழுதினேன்.

அன்றைக்கு மாமா கிட்டாரைத் துணியில் சுற்றி, தூங்குகிற பிள்ளையைப் போலத் தோளில் சாய்த்து, பைக்கில் எடுத்துப் போனார். பேயை ஓட்டிய பெருமையில் தெருமுனை வரை ஓடிக் கையசைத்தேன். ஈரத்துக்குப் பயந்து இந்த ஒன்றை எங்களிடம் விட்டுவைத்தவர், மற்ற ஆறையும் அந்த மழைக்காலம் முழுக்கத் தன் வீட்டு ஓதத்திலேயே ஏன் விட்டிருந்தார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.