மட்கார்டுக்குள் அப்பிய மண்

சக்கரம் மாட்டும் தொழிலில் சிக்கிக்கொண்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா: பழைய காருக்கு டயர் தேடுவதுகூட எளிது, அது உள்ளே சுற்ற இடம் இருக்கிறதா என்று சொல்வதுதான் உயிரை எடுக்கும். தொண்ணூறுகளில் விருத்தாசலத்தில் டயர் கடை வைத்திருந்தபோது ஒரே கார் என்னை அப்படிப் படுத்தியது.

நேர் ரோட்டுச் சக்கரம்

திட்டக்குடி கணக்கு வாத்தியார் தம் பழைய சீமைக் காரோடு வந்தார். நாலு ரிம்மையும் துரு அரித்திருந்தது. அந்த அளவு ரிம் அப்போதே வருவதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஓடாவிட்டால் பழைய இரும்புக்குத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அவருக்கோ அந்தக் கார் என்றால் உயிர்.

ஒரு வேனிலிருந்து கழற்றிய ரிம்களை மாட்டினேன். போல்ட் துளைகள் கச்சிதம். ஆனால் கடைவாசலில் திருப்பியதுமே டயர் மட்கார்டில் கரகரவென்று உரசியது. வாத்தியார் கோபப்படாமல் இறங்கினார். "தம்பி, நேராப் போனா அருமையா இருக்குது. திட்டக்குடி வரைக்கும் திருப்பமே இல்லாம ஒரு ரோடு போடச் சொல்லுங்க."

காரை என்னிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் போனார்.

டயர் சொன்ன அளவு

மொபெட்டுக்குக் காற்றடிக்க வந்த கோதண்டம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பீங்கான் பட்டறையில் அச்சு வார்ப்பவர். பழைய சக்கரங்களையே திரும்ப மாட்டச் சொன்னார். மகளுக்குப் பொம்மை செய்யப் பையில் வைத்திருந்த ஈர மண்ணை மட்கார்டின் உட்புறம் தடிமனாக அப்பினார். நாலு பேரை ஏற்றி, மேடு பள்ளத்தில் ஓட்டி, இரு பக்கமும் திருப்பிவரச் சொன்னார். வந்து பார்த்தால் டயர் மண்ணை வழித்துவிட்டிருந்தது. மிஞ்சிய மண்ணின் தடிமன்தான் மிச்சமிருக்கும் இடம்! எத்தனை வருஷம் காருக்கடியில் மல்லாந்து கிடந்து ஸ்கேல் பிடித்திருப்பேன்? அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாம எதுக்குண்ணே அளக்கணும்? டயரே அளந்து குடுத்துட்டுப் போவுது."

ஒரு நூல்

மண்ணைப் பெயர்த்துப் பத்திரமாக அலமாரியில் வைத்தேன். மறுநாள் இன்னொரு செட் ரிம் கிடைத்தது. பழைய ரிம்மைவிட அது வெளியே தள்ளும் அளவை மண்ணின் தடிமனோடு ஒப்பிட்டால் ஒரு நூல் இடம் பற்றவில்லை. வாத்தியாருக்கு போன் செய்து இதுவும் ஆகாது என்றேன். இரும்புக்காரரை வரச்சொல்லிவிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வந்த கோதண்டம், அலமாரியில் வெளுத்துக் கிடந்த மண்ணைப் பார்த்துச் சிரித்தார். காய்ந்தால் மண் சுருங்கும். பீங்கான் ஊரில் இருந்துகொண்டு எனக்கு அது தோன்றவில்லை. மறுபடி மண் அப்பி, ஓட்டி, ஈரத்திலேயே அளந்தோம். ஒரு நூல் மிச்சமே இருந்தது. புது ரிம்களை மாட்டி ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடித்தேன். சத்தமே இல்லை. செய்தி கேட்டு ஓடிவந்த வாத்தியார் கண்கலங்கச் சாவியை வாங்கினார். "வூட்ல இரும்புக்காரரு வந்து ஒக்காந்திருக்காரு. அவர இதுலயே ஏத்திக்கினு போயி பஸ் ஸ்டாண்டுல வுட்டுட்டு வரேன்."

அதற்குப் பிறகு என் கடையில் ஸ்கேலுக்குப் பக்கத்தில் ஈரச்சாக்கு சுற்றிய மண்ணுருண்டை ஒன்று எப்போதும் இருந்தது. வந்தவர்கள் எல்லாம் அது பஞ்சர் ஒட்ட என்றே நினைத்துக்கொண்டார்கள்.