செவ்வாய்க்குப் பக்கத்தில் ஒரு கல்

நாலாம் வகுப்பில் படிக்கும்போது நான் ஒரு கல்லாக நடித்திருக்கிறேன். என் பிள்ளைகள் இதை நம்புவதில்லை. மரமாக நடித்தவர்கள் உண்டு, ஆடாக நடித்தவர்கள் உண்டு. வசனம் பேசிய கல் கண்டி மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவுக்காக டீச்சர் சூரிய குடும்பத்தை மேடையேற்றினார். இருப்பதில் உயரமான பையன் சூரியன். அப்போதெல்லாம் புளூட்டோவையும் சேர்த்துக் கோள்கள் ஒன்பது. ஒன்பது வேஷமும் ஒன்பது பிள்ளைகளுக்குப் போய்விட, மிச்சமாக நான் நின்றேன். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைச் சிறுகோள் என்றார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான கற்கள் சூரியனைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றனவாம். அதில் ஒன்று நான். என் பெயர் என்னவென்று கேட்டேன். பெயர் இல்லாவிட்டால் என்ன, நம்பர் இருக்கும் என்றார். அந்த நம்பரையும் கடைசிவரை சொல்லவில்லை.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களுடன்தான் இருந்தாள். அவள்தான் அரிசிச் சாக்கைப் பிரித்துக் கரி பூசி எனக்கு உடுப்புத் தைத்துத் தந்தாள். வசனத்தையும் அவளிடமே ஒப்புவித்தேன். "நான் ஒரு கல். எனக்குச் சொந்த ஒளி இல்லை. ஆனாலும் என் பாதையில் நானும் சூரியனைச் சுற்றுகிறேன்." அத்தை இதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். மற்ற எல்லாருடைய வசனத்தையும்விட என்னுடையதுதான் நல்ல வசனம் என்றாள்.

மேடையில் சத்தமாகத்தான் சொன்னேன். ஆனால் வியாழனாக வந்த பிள்ளை மாட்டியிருந்த பெரிய வட்டக் காகித மட்டை என்னை முழுதாக மறைத்துவிட்டது. அம்மா வீட்டுக்கு வந்து, "ஒன்னைக் காணவே இல்லயே, எங்க நின்ன?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்காக அழுததைவிட என் கையிலிருந்த கல்லுக்காக அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். வேஷத்துக்கென்று மகாவலி ஆற்றங்கரையில் பொறுக்கிய கல் அது. தேநீரோடு தின்னும் பணிஸ் அளவு இருக்கும். சாம்பல் நிறம், வெயிலில் பிடித்தால் புள்ளி புள்ளியாக மினுங்கும்.

வீட்டில் அந்தச் சமயத்தில் வேறொரு சூரிய குடும்பமும் நடந்துகொண்டிருந்தது. அத்தைக்குச் செவ்வாய் தோஷம். இரண்டு சம்பந்தங்கள் ஜாதகத்தைப் பார்த்ததுமே தட்டிப்போயின. மூன்றாவதாகக் கலகெதரையில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பையனுக்கும் அதே தோஷம் இருந்ததால், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று சொல்லி அப்பா சந்தோஷப்பட்டார். மாப்பிள்ளையின் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார், எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு வேலைக்கெல்லாம் போகத் தேவையில்லை என்று. அம்மா அதையும் பெருமையாகவே அக்கம்பக்கத்தில் சொன்னாள். அத்தையிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருப்பதாக அவளுக்கு வந்த மண்ணிற உறைக் கடிதம் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. அடுத்த மாதம் முதலாம் திகதி போய்ச் சேர வேண்டும் என்று அதில் இருந்ததாம். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டாரிடமே கேட்டுப் பார்க்கலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்குக் கடிதத்தில் அக்கறை இல்லை. உறையில் ஒட்டியிருந்த தபால் முத்திரைதான் எனக்கு வேண்டியிருந்தது.

பரிசம் போடுவதற்கு ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். முதலில் எங்கள் தெருவுக்கு மேலே இருந்த கோவிலுக்குப் போய் நவக்கிரகத்தைச் சுற்றிவிட்டு, பிறகு வீட்டுக்கு வந்து தட்டு மாற்றுவது என்று ஏற்பாடு. அன்று காலையில் செவ்வாய்க்குச் சிவப்புத் துணி சாத்தி விளக்குப் போடும்படி அம்மா அத்தையிடம் சொல்லி, மஞ்சள், குங்குமம், தேசிக்காய், துணி எல்லாம் வைத்த தட்டைக் கொடுத்தனுப்பினாள். துணைக்கு நான். அன்று எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை.

ஐயர் உள்ளே மூலஸ்தானத்தில் வேலையாக இருந்தார். அத்தை கோலம் போட ஆரம்பித்தாள். நான் ஒன்பது பேரையும் சுற்றி வந்தேன். டீச்சர் சொன்ன ஒன்பதுக்கும் இந்த ஒன்பதுக்கும் பொருத்தமே இல்லை. இங்கே பூமியைக் காணோம், புளூட்டோவைக் காணோம், ராகுவும் கேதுவும் புதிதாக வந்திருந்தார்கள். டீச்சர் கணக்குப்படி செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் கற்கள் இருக்க வேண்டும். கோவிலிலோ அந்த இடத்தில் சூரியனே நின்றார். கல்லுக்கு இங்கேயும் இடமில்லை என்றதும் எனக்கு ரோஷம் வந்தது. எல்லாருக்கும் பூ, எல்லாருக்கும் பட்டு. அதுவும்தானே சுற்றுகிறது?

சட்டைப் பையிலிருந்து கல்லை எடுத்தேன். செவ்வாயின் காலடியில், சூரியன் பக்கமாக வைத்தேன். வைத்ததற்கு ஒரு வேண்டுதலும் இருக்கட்டுமே என்று, அத்தைக்கு நல்லது நடக்கட்டும் என்று கும்பிட்டேன். திரும்பினால் அத்தை கோலமாவுக் கையோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீ வீட்டுக்குப் போ குட்டி. அம்மாவுக்குக் கைவேலை கெடக்கும். நா பின்னால வாறேன்" என்றாள்.

பத்து மணிக்கு எல்லாரும் கோவிலுக்குப் போனோம். மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சுற்ற ஆரம்பித்தார். மூன்றாவது சுற்றில் செவ்வாயின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். என் கல்தான். ஆனால் அது நான் வைத்த மாதிரி இல்லை. மேலெல்லாம் மஞ்சள் பூசி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு வைத்து, சிவப்புத் துணியில் ஒரு கீற்றைக் கிழித்துச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. பக்கத்தில் இரண்டாக வெட்டி, புளிச்சாறு கசியக் கசியத் தேசிக்காய்.

"இது யாரோ செஞ்சு வச்சது. பரிசம் போடுற நாளாப் பாத்து, செவ்வாய் காலடியில வச்சிருக்காங்க" என்றார் அவர்.

அவ்வளவுதான். ஐயர் ஓடி வந்து, தான் வைக்கவில்லை என்றார். காலையில் பார்க்கவும் இல்லை என்றார். அப்பா ஏதோ சமாதானம் சொன்னார். யார் என்ன சொல்லியும் அந்த அம்மா கேட்கவில்லை. இந்தச் சம்பந்தத்தை யாரோ விரும்பவில்லை, விரும்பாத இடத்தில் கை வைத்து என் பிள்ளைக்கு ஒன்றென்றால் யார் பொறுப்பு என்று கேட்டார். வந்த வேன் கோவில் வாசலிலேயே திரும்பிக் கலகெதரைக்குப் போய்விட்டது. வீட்டில் செய்து வைத்த கேசரி அப்படியே இருந்தது. அம்மா மூலையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா மட்டும் கொஞ்ச நேரம் கழித்து, தட்டு மாற்றிய பிறகு இப்படி ஆகியிருந்தால் இன்னும் மோசம், அந்த மட்டில் தப்பினோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

என் நிலைமையை என்னவென்று சொல்ல? வயிற்றுக்குள் ஐந்தாறு கல் கிடந்தது. கல்லை வைத்தவள் நான். அத்தையின் கல்யாணத்தை நிறுத்தியவள் நான். யாராவது என் பையைத் தடவிப் பார்த்தால் என்ன ஆகும் என்று, பையில் ஒன்றுமில்லாதபோதும் அதைக் கையால் பொத்திக்கொண்டே திரிந்தேன்.

அந்த மாதிரிக் கல்லை அன்றைக்கே ஓடுகிற தண்ணீரில் போட வேண்டும் என்று ஐயர் சொல்லியிருந்தார். தொடுவதற்கு எல்லாரும் பயந்தார்கள். "எனக்குத்தான செஞ்சு வச்சிருக்காங்க, நானே கொண்டு போட்டுர்றேன்" என்று அத்தை வாழையிலையில் பொதிந்து எடுத்துக்கொண்டாள். என்னையும் கூப்பிட்டாள். காலை இழுத்து இழுத்து நடந்தேன்.

மகாவலிக் கரையில் நின்று அத்தை எதையோ தூக்கி எறிந்தாள். சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தை, நாந்தான் வச்சேன். ஆனா குங்குமமெல்லாம் நா வைக்கல. சத்தியமா வைக்கல."

"தெரியும்டி" என்றாள்.

"அப்ப யாரு வச்சா?"

அத்தை ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரோ வச்சிருக்காங்க. நீ யார்கிட்டயும் மூச்சு விடாத. ஒன்னால ஒன்னும் கெட்டுப் போகல, கேட்டியா? ஒன்னுமே கெட்டுப் போகல." இதைச் சொல்லிவிட்டு என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரோடு. அந்த நிமிஷம் என் வயிற்றில் கிடந்த கற்கள் எல்லாம் எங்கே போயின என்றே தெரியவில்லை. அப்படி ஒரு நிம்மதியை அதற்குப் பிறகு பரீட்சை முடிவுகள் வந்தபோதுகூட நான் அனுபவித்ததில்லை. திரும்பும்போது நான் கேசரியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாதம் முதலாம் திகதி அத்தை பயிற்சிக் கல்லூரிக்குப் புறப்பட்டாள். வீட்டில் சும்மா இருந்து ஊர் வாயில் விழுவதைவிட அங்கேயாவது போகட்டும் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். பெட்டி அடுக்கும்போது நான் முத்திரை கேட்கப் போனேன். சேலைகளுக்கு நடுவில், மண்ணிற உறைக்கு மேலே, என் கல் இருந்தது. கழுவியிருந்தாள். ஆனாலும் ஒரு குழிக்குள் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருந்தது. ஆற்றில் போட்ட கல்தானே இது என்று கேட்டேன். "இது வேற கல்லு" என்றாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. அத்தை சொன்னால் சரிதான் என்று நம்பினேன்.

பிறகு எத்தனையோ வருஷம் அவளுடைய வகுப்பறை மேசையில் கொப்பிகளுக்குப் பாரமாக அந்தக் கல் இருந்தது. நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது ஆற்றங்கரையில் என்னைக் கட்டிப் பிடித்த கைகள்தான். விரல் நுனியெல்லாம் மஞ்சள், நகக்கண்ணில் குங்குமம். அன்றைக்கே அதைப் பார்த்தேன். காலையில் செவ்வாய்க்குச் சாத்தப் போனவளின் கை வேறு எப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன். அன்று எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். யாரும் கவனிக்காத என் கல்லை, கடைசியில் யாரோ ஒருவர் கவனித்துப் பொட்டு வைத்திருக்கிறார். அது யாராக இருந்தாலும் அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபடியே மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.